நாடாவின் மறுமுனை

போர்ட் லாரன்ஸ், ஒஹாயோ
3 அக்டோபர் 2000

லாட்சி,

மெக்கார்டில் மைதானத்தில் கடைசி பேஸ்பால் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நம் ஊர் அணியான கொக்குகள் ஆறுக்கு இரண்டு என்று தோற்றார்கள். எண்பது ஆண்டுக்கு மேல் ஆடிய இடத்தை விட்டுப் போகும் நாளிலாவது ஜெயிப்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் நம் அணியை அறியாதவர்கள். நீ வரவில்லை. அரிசோனாவிலிருந்து விமானம் இருக்கிறது என்று கேள்வி.

இரண்டரை ஆண்டாக நான் உனக்கு எழுதாததற்குக் காரணம் உனக்குத் தெரியும். புது மைதானத்துக்கு வரி போடலாமா என்று ஊர் வாக்களித்த வாரம் உன் பத்திரிகைப் பத்தியில் எழுதினாய்: "பழைய மைதானத்துக்காக அழுகிறவர்கள் கட்டடத்துக்காக அழவில்லை; தங்கள் வயதுக்காக அழுகிறார்கள்." கஸ் இறந்து அப்போது ஐந்து வாரம். என் கணவரின் காலி இருக்கைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததை ஊரே பார்த்தது. உன் பத்தியைப் படித்துவிட்டு எல்லோரும் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

எழுத வந்தது நம் அணியில் ஆடிய லூதர் கேட்லின் பற்றி. ஞாயிறன்று எனக்குப் பின்வரிசையில் இருந்த ஸ்டான் புரோகாப் குனிந்து கேட்டான்:

"ஏம்மா இலோனா, உன் தம்பி இந்த வருஷமாச்சும் லூதருக்கு ஓட்டுப் போடுவானா?"

"அவனையே கேளு."

"நான் கேட்டா அவன் கணக்குப் பாடம் எடுப்பான். நீதானே அக்கா, நீ கேளு."

கேட்கிறேன். மிகச் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புகழ்மன்ற வாக்குச்சீட்டில் லூதருக்கு இது பதினைந்தாவது ஆண்டு, அதாவது கடைசி. நான்கில் மூன்று பங்கு வேண்டும். போன முறை ஒன்பது வாக்கில் போயிற்று. நாடு முழுவதும் வாக்குள்ள பேஸ்பால் நிருபர்கள் ஐந்நூறு பேருக்கு மேல். அவர்களில் பதினெட்டுப் பருவமும் லூதரைத் தினமும் நேரில் பார்த்தவன் நீ ஒருவன். பதினான்கு முறை அவர் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தைக் காலியாக விட்டவனும் நீதான். வேறு ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "சொந்த ஊர் நிருபரே போடலை, நாம எதுக்குப் போடணும்?" என்கிறார்கள்.

நம் ஊரிலிருந்து அந்த மன்றத்துக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. மைதானமும் போய்விட்டது. இவராவது போகட்டும்.

இலோனா


மேசா, அரிசோனா
14 அக்டோபர் 2000

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்ததில் மகிழ்ச்சி. கடைசி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஏழாவது சுற்றில் படக்கருவி உன்னைக் காட்டியது. இரண்டு விநாடி. தொப்பி புதிது என்று நினைக்கிறேன்.

அந்தப் பத்தியில் ஒரு வாக்கியம் நான் எழுதியிருக்க வேண்டியதில்லை. மற்ற வாக்கியங்களை மாற்றமாட்டேன். மெக்கார்டிலில் ஆறாயிரம் பேர் ஏதாவது ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். உன் இருக்கையிலிருந்து களத்தில் ஓடுகிறவர்கள் தொடும் இரண்டாம் தளம் தெரியாது. முப்பது ஆண்டாக அங்கே நடந்ததையெல்லாம் நீ சத்தத்தை வைத்து ஊகித்தாய். ஊகித்ததை வைத்து நடுவரைத் திட்டவும் செய்தாய்.

லூதர் பற்றி. சுவர் தாண்டி அவர் அடித்த ஹோம் ரன் 381. அதில் 238 மெக்கார்டிலில். வெளியூர்களில் 143 மட்டுமே. காரணம் வலப்பக்கச் சுவர். இடக்கையால் அடிக்கிறவர் இழுத்து அடித்தால் பந்து அங்கேதான் போகும். எல்லைக் கம்பத்தடியில் அந்தச் சுவர் 314 அடி தூரம். மற்ற மைதானங்களில் 330 அடி. ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது என்று என் ஆட்டப் புத்தகங்களில் குறித்திருக்கிறேன். மெக்கார்டிலில் அவர் அடித்ததில் குறைந்தது அறுபது வேறெந்த ஊரிலும் சாதாரணப் பிடியாக முடிந்திருக்கும். அறுபதைக் கழித்தால் அவர் நல்ல ஆட்டக்காரர். மிக நல்ல ஆட்டக்காரர். அந்த மன்றம் அதற்கும் ஒரு படி மேலே இருப்பவர்களுக்கு.

நீ நேசிக்கிற மைதானம்தான் நீ நேசிக்கிற ஆட்டக்காரரைக் கெடுத்தது. அது என் தவறில்லை.

லெஸ்


போர்ட் லாரன்ஸ்
30 அக்டோபர் 2000

லாட்சி,

கடிதத்தின் அடியில் "லெஸ்" என்று போட்டிருக்கிறாய். அது பத்திரிகைக்கு. எனக்கு நீ லாட்சிதான். முட்டைக்கோஸ் உருண்டையில் இருந்த இறைச்சியை மட்டும் தின்றுவிட்டு இலையைப் பழையபடி சுருட்டி வைத்த அதே லாட்சி.

314 என்று யார் சொன்னது? சுவரில் எழுதியிருந்தது. சுவரில் எழுதியது யார்? கிளாரன்ஸ் வீட். பாதிக் கூட்டம்கூட இல்லாத நாளில் முப்பத்தோராயிரம் பேர் வந்ததாக ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்ன அதே முதலாளி. அந்த முப்பத்தோராயிரத்தை நீ ஒரு நாளும் நம்பி எழுதியதில்லை. பத்திரிகை மாடத்திலிருந்து தலைகளை எண்ணினாய். 314ஐ மட்டும் ஏன் நம்பினாய்?

ஹோம் ரன் மழை பார்க்கலாம் என்றால் கூட்டம் வரும். அதனால் வீட் கிட்டத்தில் இருப்பதாகக் காட்டினார் என்பது கஸ்ஸின் கட்சி. சுவர் உண்மையில் இன்னும் தூரம் என்று சாகும்வரை சொன்னார். நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சும்மா இருக்கப் போவதில்லை.

கவுண்டி நில அளவை அலுவலகத்தில் இருபத்தெட்டு ஆண்டு வரைபடம் போட்டவள் நான். வீட்டில் நூறு அடி எஃகு நாடா இருக்கிறது. நவம்பர் மூன்றாம் வாரம் மைதானத்தின் இருக்கைகளை விற்கிறார்கள். அதன் பிறகு இடிப்பு. நான் என் இருக்கையை வாங்கப் போகிறேன். போகும்போது நாடாவையும் கொண்டுபோகிறேன்.

என்ன எண் வந்தாலும் எழுதுகிறேன். வந்தபின் உன் கழித்தல் கணக்கை நீயே திருப்பிப் போட்டுக்கொள்.

இலோனா


மேசா
9 நவம்பர் 2000

அன்புள்ள அக்கா,

உன் கேள்வி நியாயமானது. 314ஐ நாங்கள் யாரும் அளக்கவில்லை. அணி தரும் கையேட்டில் இருந்தது; ஆண்டுதோறும் அதையே பெயர்த்து எழுதினோம்.

ஆகவே ஒப்பந்தம் இது. மட்டைக்காரர் நிற்கும் தட்டின் பின்முனையிலிருந்து கம்பத்தடிச் சுவர் வரை அளந்துவிடு. நூறடி நாடா என்பதால் நடுவில் முளை அடித்து நேர்க்கோடு பிடிக்க வேண்டும். அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 325 அடியோ அதற்கு மேலோ வந்தால் என் அறுபது, இருபதுக்குள் சுருங்கும். லூதருக்கு வாக்களிப்பேன். அதற்குக் கீழே என்றால், மறுபடி என்னிடம் கேட்கக் கூடாது.

என் பக்கத்து வீட்டு நார்ம் உன் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டான். ஊர் உலகத்து ஆட்டக்காரர்களை நாற்பது ஆண்டு அழவைத்த எனக்கு ஒரு அக்கா இருப்பது அவனுக்குப் பெரிய ஆறுதல். "ஏன்யா, அக்காவுக்குப் பயந்தா ஓட்டுப் போடுவே?" என்றான். "நாடாவுக்குப் பயந்து போடுவேன்" என்றேன்.

வாக்குச்சீட்டு டிசம்பர் தொடக்கத்தில் வரும். மாதக் கடைசித் தேதியின் தபால் முத்திரை வரை செல்லும்.

லாட்சி


போர்ட் லாரன்ஸ்
27 நவம்பர் 2000

லாட்சி,

இருக்கைகளை வாங்கிவிட்டேன். ஒன்று கேட்டால் தர மறுக்கிறார்கள். இரண்டிரண்டாக ஒரே இரும்புக் காலில் பூட்டியிருக்கிறதாம். என்னுடையதும் கஸ்ஸுடையதும். ஸ்டான் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். வாசற்கதவு வழியே நுழையவில்லை.

"கதவைக் கழட்டிரலாமா?" என்றான்.

"கதவு எதுக்குடா? வராந்தாவுலயே போடு."

"பனி விழுமே இலோனா."

"ஏப்ரல் மாசத்துல அங்க மட்டும் என்ன விழுந்துச்சு, பூவா?"

வராந்தாவில் இருக்கிறது. இப்போது எனக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு தூண். பழகிய காட்சிதான்.

புது மைதானத்தையும் ஒரு சுற்று காட்டினார்கள். வங்கி ஒன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள். கழிப்பறைகள் ஏராளம், அதில் உன் கட்சி ஜெயித்தது. கண்ணாடி அறைகளுக்குள் சோபா போட்டிருக்கிறார்கள். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காரும் சோபா. நம் கோல்பாஸ் தொத்திறைச்சிக் கடைக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஏதோ மீன் சோற்றுருண்டை விற்கப் போகிறார்களாம். ஸ்டான் அதைக் கேட்டு ஒரு நிமிடம் தொப்பியைக் கழற்றி நின்றான்.

இங்கே மழையும் பனியும் மாறி மாறி. என் முழங்கால் சுமார். நன்றித் திருநாளுக்கு வான்கோழி செய்யவில்லை; கோழிதான். உனக்கு அங்கே வெயில் என்று வானிலை அறிக்கை சொல்கிறது.

அளக்க முடியவில்லை. இடிப்பு வேலைக்காரர்கள் உள்ளே விடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இலோனா


மேசா
8 டிசம்பர் 2000

அன்புள்ள அக்கா,

வாக்குச்சீட்டு வந்துவிட்டது. அதிகபட்சம் பத்துப் பேரைக் குறிக்கலாம். ஆறு பேரைக் குறித்திருக்கிறேன். லூதரின் கட்டம் திறந்தே இருக்கிறது.

உன் கடிதத்தை யோசித்துப் பார்த்தேன். அளக்க முடியவில்லை என்கிறாய். அப்படியானால் தூரம் தெரியாது என்றுதான் அர்த்தம். 314 என்பது வீட் சொன்ன எண். அதை நம்பக் காரணமில்லை என்று நீயே காட்டிவிட்டாய். கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். தெரியாத ஒன்றை வைத்து ஒருவரிடமிருந்து அறுபது ஹோம் ரன்களைக் கழிக்க எனக்கு உரிமை உண்டா?

தெருவில் ஆடும் பிள்ளைகளுக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று இருக்கிறது. பந்தும் ஓடுகிறவனும் ஒரே நேரத்தில் தளத்தை அடைந்தால் ஓடுகிறவன் பக்கம் தீர்ப்பு. சந்தேகம் ஆட்டக்காரனுக்குச் சாதகம். நாற்பது ஆண்டு நான் அதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே லூதருக்கு வாக்களிக்கப் போகிறேன். கிறிஸ்துமஸ் முடிந்து 29ஆம் தேதி தபாலில் சேர்ப்பேன். ஸ்டானிடம் சொல்லலாம், பத்திரிகைகளிடம் வேண்டாம்.

நீ கேட்டதற்காக இல்லை என்பதைக் குறித்துக்கொள். அளக்க முடியாததற்காக.

லாட்சி


போர்ட் லாரன்ஸ்
18 டிசம்பர் 2000
(விரைவு அஞ்சல்)

லாட்சி,

உன் கடிதம் ஒரு வாரமாக அடுப்பு மேடையில் உப்பு டப்பாவுக்குக் கீழே இருந்தது. ஸ்டானிடம் சொல்லவில்லை.

அளந்தேன். நவம்பர் 18, சனிக்கிழமை. உள்ளே விட்டார்கள். இடிப்பு மேஸ்திரி ஹாங்க் டுலி நல்ல மனிதர்.

"அம்மா, தரையெல்லாம் உழுது கெடக்கு. அங்க உங்களுக்கு என்ன வேலை?"

"அளக்கணும்."

"எதை?"

"உங்களுக்கு முன்னாடி இருந்த முதலாளியோட பொய்யை."

"அதுக்கு நாடா பத்தாதே" என்றார். தலையில் போட ஒரு காப்புத் தொப்பியும் முளை அடிக்க ஒரு சுத்தியலும் கொடுத்தார்.

தட்டைப் பிடுங்கி எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அது பதிந்திருந்த குழி அப்படியே இருந்தது. கம்பமும் சுவரும் இருந்தன. மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 297 அடி. அங்குல வித்தியாசத்தை விட்டுவிடுகிறேன்.

முந்நூறுகூட இல்லை, லாட்சி. காரணமும் கண்ணுக்குத் தெரிந்தது. நாம் முப்பது ஆண்டு பார்த்தது உண்மையான சுவரே இல்லை. அதற்குப் பின்னால் பழைய செங்கல் சுவர் நிற்கிறது, 314 அங்கேதான். புல்வெட்டும் வண்டிகளை நிறுத்த இடம் வேண்டும் என்று லூதர் வருவதற்கு முன்பே யாரோ முன்னால் பலகைச் சுவர் ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். செங்கல்லில் இருந்த எண்ணைப் பலகையில் அப்படியே திரும்ப எழுதிவிட்டார்கள். கஸ் முற்றிலும் தவறு. நானும் தவறு. நீயும்தான், ஆனால் வேறு பக்கமாக.

என்ன எண் வந்தாலும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பிறகு வான்கோழி, முழங்கால் என்று மூன்று பக்கம் எழுதினேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒருவேளை அதற்காகத்தான் அப்படி எழுதினேனோ என்னவோ. நீ என்னை நம்புவாய் என்று எதிர்பார்க்கவில்லை. நம்பிவிட்டாய். சந்தேகம் ஆட்டக்காரனுக்குச் சாதகம் என்கிறாய். இங்கே சந்தேகம் இல்லை. நான் உண்டாக்கியது மட்டும்தான்.

வீட் கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்ன மாதிரி நானும் பொய் சொல்லி லூதரை உள்ளே அனுப்ப வேண்டாம். எண் உன்னிடம் இருக்கிறது. இனி உன் சீட்டு, உன் பேனா.

நாடாவின் மறுமுனையை ஒருவர் பிடித்தார். யார் என்று இப்போது சொல்லமாட்டேன். சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இலோனா


மேசா
30 டிசம்பர் 2000

அன்புள்ள அக்கா,

விரைவு அஞ்சல் 20ஆம் தேதி வந்தது. ஆட்டப் புத்தகங்களை எடுத்து மறுபடி கணக்கிட்டேன். 297 என்றால் அறுபது என்பது தொண்ணூறைத் தாண்டுகிறது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

கட்டத்தைக் காலியாக விட்டு நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன். பதினைந்தாவது முறை.

நான் இப்படித்தான் செய்வேன் என்று தெரிந்துதான் நீ எழுதினாய். அதனால் மன்னிப்பு எதுவும் இதில் எழுதவில்லை. நீயும் எதிர்பார்த்திருக்கமாட்டாய்.

மற்றவர்களுக்கு 297 தெரியாது. அவர்கள் 314ஐ வைத்தே வாக்களித்திருப்பார்கள். போன முறை விட்டுப்போன ஒன்பது பேர் கடைசி ஆண்டு என்று மனம் இரங்கியிருக்கலாம். லூதர் உள்ளே போகக்கூடும். போனால் நான் வருத்தப்படமாட்டேன்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

லாட்சி


போர்ட் லாரன்ஸ்
19 ஜனவரி 2001

லாட்சி,

முடிவை நீயும் பார்த்திருப்பாய். 515 சீட்டுகள். தேவை 387. லூதருக்கு 386.

செய்தி வந்த உடனே ஸ்டான் கூப்பிட்டான். "ஒண்ணு, இலோனா. ஒரே ஒண்ணு. எந்தப் பாவியோ..." என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திவிட்டான். அவனுக்கும் யாரென்று தெரியும். பிறகு, "உன் வீட்டு வராந்தால பனி ஏறியிருக்கும், வந்து அள்ளிப் போடறேன்" என்றான். வந்தான். இருக்கைகளில் இருந்த பனியைத் தள்ளிவிட்டு ஒன்றில் அவனும் ஒன்றில் நானும் உட்கார்ந்தோம்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. அந்த ஒன்று உன்னுடையது என்றால் என்னுடையதும்தான். நான் பேசாமல் இருந்திருந்தால் அவர் இன்று உள்ளே. இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன். மறுபடி எழுத வேண்டிவந்தால் மறுபடியும் எழுதுவேன். ஆனால் இன்னும் பத்து நாள் உப்பு டப்பாவுக்குக் கீழே வைத்திருப்பேன்.

இப்போது மறுமுனையைப் பிடித்தவர் யார் என்று சொல்லலாம். நேற்று அவரே அனுமதி கொடுத்தார். லூதர் கேட்லின்.

அந்தச் சனிக்கிழமை இருக்கை விற்பனைக்கு அவரும் வந்திருந்தார். வாங்குவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அறுபது வயது தாண்டியும் அதே நீளக் கால், அதே நிதான நடை. நான் தனியாக முளையையும் நாடாவையும் வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"அந்த முனையை இப்படிக் குடுங்க. எதை அளக்கறீங்க?"

சொன்னேன். எதற்கு என்பதையும் சொன்னேன். யாருடைய அக்கா என்பதையும்.

"அட, லெஸ்ஸோட அக்காவா! இருபது வருஷமா அந்த ஆளு என்னைக் கழிச்சுக்கிட்டே இருக்காரு" என்று சிரித்தார். நாடாவைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். நான் எண்ணைப் படித்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவும்மா?"

"இருநூத்தித் தொண்ணூத்தி ஏழு."

"சரியாத்தான் இருக்கு. முத வருஷமே நடந்து பாத்துட்டேன். என் தப்படி ஒண்ணு சுத்தமா மூணு அடி. தொண்ணூத்தி ஒம்பது தப்படி வந்துச்சு."

"தெரிஞ்சும் யாருகிட்டயும் சொல்லலையா?"

"எவனும் கேக்கலையே. சுவத்தை நானா கட்டினேன்? நான் வர்றதுக்கு முன்னாடியும் அது அங்கதான் இருந்துச்சு, போன பின்னாடியும் அங்கதான் இருந்துச்சு. இடக்கையால அடிக்கறவன் எத்தனையோ பேரு இந்த ஊருக்கு வந்து ஆடினான். எல்லாருக்கும் அதே சுவருதான், அதே தூரம்தான். எத்தனை பேரு இருநூத்தி முப்பத்தெட்டு அடிச்சான்?"

இதை உனக்கு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். "எனக்காக உங்க தம்பிகிட்ட கெஞ்ச வேணாம். நம்பரைச் சொல்லணும்னா நம்பரை மட்டும் சொல்லுங்க." சொல்லணுமா வேணாமா என்று கேட்டேன். "அது உங்க முனை" என்று நாடாவைச் சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நேற்றுத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் எண்ணை எழுதிவிட்டதையும் நீ கட்டத்தைக் காலியாக விட்டதையும் சொன்னேன். "மூணு தடவை அளந்தீங்களே, நானும் பாத்தேனே" என்றார். பிறகு, "லெஸ் எப்பவும் ஒரே மாதிரிதான். அதாச்சும் மாறாம இருக்கட்டும்" என்றார். வருத்தம் குரலில் இருந்தது, லாட்சி. இல்லை என்று நான் எழுதமாட்டேன்.

இலோனா


மேசா
2 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்கா,

ஒரே ஒரு வாக்கில் போனதை முடிவு வந்த அன்று பிற்பகலே பார்த்தேன். நார்ம் அன்று மட்டும் என்னைக் கேலி செய்யவில்லை. அவனுக்கு அது பெரிய காரியம்.

லூதர் சொன்னதை வைத்து ஆட்டப் புத்தகங்களை மறுபடி எடுத்தேன். அவர் ஆடிய அந்தப் பதினெட்டுப் பருவத்தில், இடக்கையால் அடித்தவர்களில் அவருக்கு அடுத்தபடியாக மெக்கார்டிலில் அதிக ஹோம் ரன் அடித்தவர் நம் அணியில் முதல் தளத்தைக் காத்தவர்தான். ஒன்பது பருவம் ஆடினார். 74.

இந்த எண்ணை நான் இதற்கு முன் எடுத்துப் பார்த்ததில்லை. இதை வைத்து யாரும் என்னிடம் வாதாடியதும் இல்லை. டிசம்பர் 31க்கு முன் வந்திருந்தால் உட்கார்ந்து யோசித்திருப்பேன். யோசித்தபின் குறித்திருப்பேன் என்று சொல்லமாட்டேன். குறித்திருக்கமாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.

பழைய ஆட்டக்காரர்களுக்கென்று தனிக் குழு ஒன்று இருக்கிறது. வாக்குச்சீட்டிலிருந்து விழுந்தவர்களைச் சில ஆண்டு கழித்து அவர்கள் மறுபடி எடுத்துப் பார்க்கலாம். அவர்களுக்கு இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினேன். 297, 74. கூடவோ குறையவோ எதுவும் சொல்லவில்லை. அளந்தது யார் என்ற இடத்தில் உன் பெயரையும் லூதர் பெயரையும் போட்டேன்.

அந்தப் பத்தியில் இருந்த வாக்கியத்துக்கு இன்னொரு முறை வருகிறேன். கஸ் இறந்து ஐந்து வாரம் என்பதை அறிந்துதான் எழுதினேன். உன்னை நினைத்து எழுதவில்லை. என்னை நினைத்து எழுதினேன். அச்சில் அது தெரியவில்லை.

லாட்சி


போர்ட் லாரன்ஸ்
10 ஏப்ரல் 2001

லாட்சி,

புது மைதானத்தில் நேற்று முதல் ஆட்டம். கொக்குகள் ஜெயித்தார்கள், புது இடம் என்பதால் பழக்கம் விட்டுப்போயிருக்கும். எனக்கு மூன்றாம் வரிசை. தூண் இல்லை. இரண்டாம் தளத்தை முதல் முறையாகப் பார்த்தேன். முப்பது ஆண்டு சத்தத்தை வைத்து நான் ஊகித்ததற்கும் அங்கே நடப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுவரைப் பற்றி நான் நினைத்ததும் சரிதான்.

மீன் சோற்றுருண்டையை ஸ்டான் இரண்டு முறை வாங்கித் தின்றான். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான்.

முதல் பந்தை எறிய லூதரைக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பதாயிரம் பேர் எழுந்து நின்றார்கள். ஒரு வாக்கில் போனது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சத்தத்தில் அதுவும் இருந்தது. பந்தை எறிந்தார். பிறகு வெளியே போகிற வழிக்குத் திரும்பாமல், தட்டின் பின்முனையில் குதிகாலை வைத்து நின்று, வலப்பக்கக் கம்பத்தை நோக்கி நேராக நடக்க ஆரம்பித்தார். மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்குக் கையசைக்கப் போகிறார் என்று கூட்டம் நினைத்தது. கைதட்டல் ஓயவில்லை. அவர் ஒரு பக்கமும் பார்க்கவில்லை. ஒரே அளவான அடி. உதடு மட்டும் அசைந்தது. என்ன செய்கிறார் என்று அங்கே தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான் என்று நினைக்கிறேன். சுவரைத் தொட்டார். திரும்பி என் வரிசையைத் தேடிப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

ஆட்டம் முடிந்தபின் வாசலில் பார்த்தேன்.

"எவ்வளவு?" என்றேன்.

"சுவத்துல என்ன போட்டிருக்கான்?"

"முந்நூத்தி முப்பது."

"நூத்தி எட்டு தப்படி நடந்தேன், இலோனா. நீங்களே பெருக்கிக்கங்க."

முந்நூற்று இருபத்து நான்கு. அவருடைய காலை நான் நம்புகிறேன். நீ நம்பமாட்டாய், வயதாகித் தப்படி குறுகியிருக்கலாம் என்பாய். ஜூன் இரண்டாம் வாரம் அணி வெளியூரில் இருக்கிறது, மைதானம் காலி. ஹாங்க் டுலியின் மச்சினன்தான் புல்தரைப் பொறுப்பாளர். பேசிவிட்டேன்.

நாடா என்னிடம் இருக்கிறது. லூதர் இந்த முறை பிடிக்கமாட்டாராம். "ஒரு தடவை பிடிச்சது போதும், உங்க தம்பியை வந்து பிடிக்கச் சொல்லுங்க" என்கிறார். பக்கத்தில் நின்று பார்ப்பாராம்.

வராந்தாவில் இரண்டாவது இருக்கை இருக்கிறது. தூணுக்குப் பின்னால்தான். விமானம் எத்தனை மணிக்கு என்று எழுது.

இலோனா